சட்டைப் பையில் போன லான்சியா

ராஜாராமுக்கு இருபத்து மூன்று கார்கள் இருந்தன. அத்தனையும் இத்தாலி தேசத்துக் கார்கள். போடிநாயக்கனூரில் மட்டுமல்ல, மதுரை ஜில்லா முழுக்கத் தேடினாலும் வேறு யாருக்கும் அப்படி வாய்த்திருக்காது. ஆனால் அவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. போடிமெட்டுக்கு ஏறுகிற பஸ் நாலாவது கொண்டை ஊசி வளைவைத் திரும்புவதற்குள் அவனுக்குக் குடலைப் புரட்டிக்கொண்டு வந்துவிடும். ஜன்னலோரச் சீட்டு கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்சுக்குக் காத்திருப்பான். வேகம் என்றாலே ஆகாத மனுஷன், உலகத்திலேயே வேகமாக ஓடுகிற கார்களாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தான் என்றால் சிரிப்புத்தான் வரும். சிரித்துக்கொள்ளுங்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

கார் ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். நிஜக் காரை அப்படியே அளவு குறைத்து வார்த்த உலோகக் குட்டிகள். கதவைத் திறக்கலாம், சிலவற்றில் முன்மூடியைத் தூக்கினால் எஞ்சின்கூடத் தெரியும். வருஷத்தில் நாலைந்து தடவை ஏலக்காய் விஷயமாகக் கொச்சிக்குப் போவான். துறைமுகத்துப் பக்கம் மட்டாஞ்சேரியில் கப்பல்காரர்கள் கொண்டு வருகிற சாமான்களை வாங்கி விற்கிற ஒரு கடை உண்டு. அங்கே அறுபத்து எட்டாம் வருஷம் ஒரு குட்டிக் காரைக் கையில் எடுத்தவன்தான், இன்னும் கீழே வைக்கவில்லை.

அதிலும் கண்ட காரையும் வாங்க மாட்டான். இத்தாலியில் செய்த காரின் மாதிரியாக இருக்க வேண்டும். இரண்டே கதவு இருக்க வேண்டும். மேலே கூரை மூடியிருக்க வேண்டும். அந்தக் கூரை முன்கண்ணாடியில் ஏறிப் பின்பக்கம் ஒரே வழிசலாக இறங்க வேண்டும். கூப்பே என்று அதற்குப் பெயர். எஸ்டேட் பங்களா ஒன்றில் பழைய பேப்பரோடு கிடந்த வெளிநாட்டுப் பத்திரிகையில் படம் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்துத் தெரிந்துகொண்டான்.

"நாலு கதவு இருந்தா நாமளும் ஏறிப் போகலாம்ல. ரெண்டு கதவை வச்சுக்கிட்டுப் பிள்ளைகுட்டிக்காரன் என்ன செய்வான்?" என்று கேட்பாள் அவன் மனைவி ஜக்கம்மாள்.

"பிள்ளைகுட்டிக்காரன் பஸ்சுல போவான்" என்பான் ராஜாராம்.

அவளுக்கு அந்தக் கார்கள் மேல் கோபம் கிடையாது. சீட்டு விளையாடப் போகிற புருஷனைவிடச் சீலைத் துண்டால் கார் துடைக்கிற புருஷன் தேவலை என்பது அவள் கணக்கு.

இருபத்து மூன்றிலும் அவன் உயிரை வைத்திருந்தது ஒன்றின் மேல்தான். கருநீல நிறத்தில் ஒரு லான்சியா ஔரேலியா. பத்திரிகையில் அதன் படத்தைப் பார்த்ததிலிருந்து பத்து வருஷம் மட்டாஞ்சேரிக் கடைக்காரரை நச்சரித்து வாங்கினான். கிடைத்தபோது அதற்கு மூன்று சக்கரத்தில்தான் டயர் இருந்தது. முகப்பு விளக்குக் கண்ணாடியில் ஒன்று விழுந்து போயிருந்தது. அதைப் பற்றி அவனுக்குக் கொஞ்சமும் குறை இல்லை. வீட்டுக்குக் கொண்டு வந்து அலமாரி நடுத்தட்டில் வைத்துவிட்டு, அன்றைக்கு மூன்று தடவை எழுந்து போய்ப் பார்த்தான்.

இனி அவன் தொழிலைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் நடந்தது புரியாது. ராஜாராம் ஏலக்காய்க் கமிஷன் வியாபாரி. மலையில் சின்னச் சின்னத் தோட்டம் வைத்திருப்பவர்களின் காயை வாங்கி, போடியில் பெரிய வியாபாரிகளுக்குக் கைமாற்றி விடுவான். மூட்டையை யாரும் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட மாட்டார்கள். ஒரு கைப்பிடி காயை எடுத்து வாங்குகிறவரின் உள்ளங்கையில் போடுவார்கள். அதுதான் சாம்பிள். அவர் உருட்டிப் பார்ப்பார், ஒன்றைக் கடித்துப் பார்ப்பார். மிச்சத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால், யோசிக்கிறார் என்று அர்த்தம். பிடிக்கவில்லையென்றால் விற்க வந்தவன் கையிலேயே திருப்பிக் கொட்டிவிடுவார். அதற்குக் கை திருப்புவது என்று பெயர்.

அந்த வட்டாரத்தில் கை திருப்பப்படுவதைப் போல ஒரு தலைகுனிவு கிடையாது. இன்னாருக்கு இன்னார் கை திருப்பிவிட்டார் என்றால் மூன்று மாசத்துக்குப் பேச்சு ஓடும். அதைவிட மோசமானது ஒன்று உண்டு: பைக்குள் போன சாம்பிளை விற்கிறவனே திருப்பிக் கேட்பது. உன்னோடு இனி எனக்கு வியாபாரம் இல்லை, உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்வதற்குச் சமம் அது. ராஜாராமின் அப்பா காலத்தில் ஒருவர் கேட்டாராம். அதற்கப்புறம் அவர் பருத்தி வியாபாரத்துக்குப் போய்விட்டார்.

எழுபத்து ஒன்பதாம் வருஷம், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கிறது. வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காக உள் அறையிலிருந்த கண்ணாடி அலமாரியைக் கூடத்தில் கொண்டு வந்து வைத்திருந்தார்கள். அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர் சோலைமலை. பூப்பாறைப் பக்கம் எஸ்டேட், போடியில் சரக்குக் கிட்டங்கி, வடக்கே கான்பூர் வரைக்கும் லோடு அனுப்புகிற பெரிய கை. ராஜாராம் விற்கிற காயில் பாதி அவருக்குத்தான் போகும். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பேச்சு கம்மி; காக்கிச் சட்டையின் இரண்டு பையும் எப்போதும் ஏலக்காய் மணக்கும்.

சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர் அலமாரி முன்னால் நின்றார். நின்றவர் நகரவில்லை. ராஜாராமுக்குத் தலைகால் புரியவில்லை. பத்து வருஷத்தில் அந்த அலமாரி முன்னால் பெரிய மனிதர் ஒருவர் இவ்வளவு நேரம் நின்றது அதுதான் முதல் தடவை.

"என்னப்பா, கனமா இருக்குமோ?" என்றார் சோலைமலை.

அவ்வளவுதான் கேட்டார். ராஜாராம் அலமாரியைத் திறந்தான். மற்ற இருபத்திரண்டையும் விட்டுவிட்டு லான்சியாவை எடுத்தான். எடுத்து, நீட்டிய அவர் உள்ளங்கையில் வைத்தான்.

மேசையில் வைத்திருக்கலாம். அலமாரிக்குள்ளேயே விரலால் காட்டியிருக்கலாம். இருபது வருஷமாக நல்ல சரக்கைக் கண்டால் எதிராளியின் உள்ளங்கையில் வைத்தே பழகிய கை, அன்றைக்கும் அதையே செய்தது. சோலைமலை காரை மேலும் கீழும் அசைத்து எடை பார்த்தார். பெருவிரலால் கூரையைத் தடவினார். அதற்குள் ஜக்கம்மாள் காப்பி கொண்டு வந்து நீட்டினாள். கை காலியாக வேண்டுமே. முப்பது வருஷப் பழக்கம். அவர் கை தானாக மேலேறி லான்சியாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது. காப்பியைக் குடித்தார். இந்த வருஷம் காய் திரட்சியாக இல்லை என்றார். வாசலில் நின்ற ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ராஜாராம் திறந்த வாயை மூடவில்லை. கார் சேர்க்கிறவன் ஒருவன் அவனுக்குள் கத்திக்கொண்டுதான் இருந்தான். ஏலக்காய் வியாபாரி அவன் வாயைப் பொத்திவிட்டான்.

"கேக்க வேண்டியதுதான, அண்ணே அதைக் குடுங்கன்னு?" என்றாள் ஜக்கம்மாள்.

"எப்பிடிக் கேக்க? பைக்குள்ள போயிருச்சு."

"ஏலக்காயா போச்சு? வெளையாட்டுச் சாமான்தான?"

"கையில நானே போட்டேன். கையில போட்டா சாம்பிளுதான்."

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். அலமாரியை மறுபடி உள் அறைக்குக் கொண்டு போனபோது நடுத்தட்டில் அந்த இடம் காலியாகக் கிடந்தது. வேறு காரை நகர்த்தி வைத்துப் பார்த்தான். இன்னும் கேவலமாக இருந்தது. தீபாவளி வந்தது, போனது. புது வேட்டி கட்டிக்கொண்டு காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாய்விட்டுச் சொல்லவும் வெட்கம். முப்பத்தெட்டு வயது ஆள், பொம்மைக் காருக்காகச் சோறு இறங்காமல் இருக்கிறான் என்றால் சிலமலையிலிருக்கிற மச்சான்காரன் கேட்டுச் சும்மா இருப்பானா?

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஜக்கம்மாளே வழி சொன்னாள். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"நீங்க கேக்கக் கூடாது. சரி. அவராத் திருப்பிக் குடுத்தா வாங்கிக்கிறலாம்ல?"

"அது கை திருப்புறதாச்சே. பேரு கெட்டுப்போகும்."

"காரு வேணுமா, பேரு வேணுமா?"

ராஜாராம் கீரைக்காம்பு ஒன்றை எடுத்து ஒடித்துக்கொண்டிருந்தான்.

"சரக்கு நல்ல சரக்குன்னு பேசித்தான தலையில கட்டுறீங்க. அதே வாயால மட்டமான சரக்குன்னு பேசுங்க. அவரே வேண்டாம்பாரு" என்றாள் அவள்.

பெயரா காரா என்று அவன் இரண்டு நாள் யோசித்தான். பெயர் போனால் மூன்று மாசத்தில் திரும்பிவிடும், லான்சியா போனால் திரும்பாது என்று முடிவு செய்தான். இது வியாபாரியின் முடிவு அல்ல என்று அவனுக்கே தெரியும். தெரிந்துதான் சோலைமலையின் எஸ்டேட்டுக்குப் பஸ் ஏறினான்.

நாலாவது வளைவில் நடக்க வேண்டியது நடந்தது. போடிமெட்டில் இறங்கி முகம் கழுவியபோது கொட்டுகிற பனியில் பல் கிட்டித்தது. எஸ்டேட்டுக்குத் திரும்புகிற சோலைமலையின் ஜீப் நின்றிருந்தது, ஏறிக்கொண்டான். டிரைவர் கன்னையன் சுருளிப்பட்டிக்காரன், வாயாடி. எட்டு வருஷம் மலையில் இருந்ததில் பாதி மலையாளம் பேசுவான்.

"சேட்டா, வாங்க வாங்க. எங்க மொதலாளி ஒரு காரு வச்சிருக்காரு தெரியுமில்ல?" என்றான், கியரை மாற்றிக்கொண்டே.

ராஜாராம் சட்டென்று அவன் பக்கம் திரும்பினான். "என்ன காரு?"

"சின்னக் காரு. சட்டையை மாத்துனா காரையும் புதுச் சட்டைக்கு மாத்திக்கிடுவாரு. ஸ்டோர்ல காய் காயப்போடுற எடத்துல ஒக்காந்து மேசை மேல ஓட்டிப் பாப்பாரு. ஒரு நாளு அடியில இருக்குற எழுத்தைப் படிக்கச் சொல்லி என்னையக் கூப்பிட்டாரு. எனக்கு எங்க இங்கிலீசு தெரியும்? அப்பறம் பூதக்கண்ணாடி வச்சு அவரே படிச்சுட்டாரு."

அதைக் கேட்டதும் ராஜாராமுக்கு இரண்டு விதமாகவும் இருந்தது. காரை யாரோ பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷம். இப்படி வைத்திருக்கிறவரிடமிருந்து எப்படி வாங்குவது என்று கலக்கம். வழியெல்லாம் மட்டமான சரக்கு, மட்டமான சரக்கு என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான்.

ஸ்டோர் என்பது பச்சை ஏலக்காயை அனல் போட்டு உலர்த்துகிற கட்டடம். உள்ளே கதகதப்பு, மணம் தலையைத் தூக்கும். ஒரு பக்கம் கூலிக்கு வந்த சோலையம்மாளும் அவள் கூட்டத்துப் பெண்களும் உலர்ந்த காயைப் புடைத்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரம் மேசை. மேசைக்குப் பின்னால் சோலைமலை. அவர் முன்னால், பில் புத்தகத்தின் மேல், லான்சியா.

சுத்தமாகத் துடைத்திருந்தார். ராஜாராம் துடைக்கிறதைவிடச் சுத்தம்.

"வா ராஜாராமு. நானே ஆள் விடணும்னு இருந்தேன். சாம்பிளைக் குடுத்த, எந்தச் சரக்குக்குச் சாம்பிளுன்னு சொல்லவே இல்லையேப்பா. மூணு வாரமா மண்டையைப் போட்டு ஒடைச்சுக்கிட்டிருக்கேன்" என்றார் சோலைமலை.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல வாய்ப்பு வராது.  பைக்குள் போனதைக் கேட்கக் கூடாது என்கிற பழக்கம் ராஜாராமை விடவில்லை.

"அது அம்புட்டு நல்ல சரக்கு இல்லைண்ணே" என்றான்.

வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது. தரம் பிரித்துக்கொண்டிருந்த சோலையம்மாளின் முறம் நின்றது.

"என்ன கொறை?"

"முன்பக்கம் வலது டயரு அசலு இல்லை. பென்சிலின் பாட்டில் ரப்பர் மூடியை அறுத்து நான் மாட்டினது."

சோலைமலை காரை எடுத்துக் கண்ணருகே கொண்டு போனார். "நீ அறுத்ததா? மத்த மூணுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியலையேப்பா. எதால அறுத்த?"

"பிளேடாலதாண்ணே. பதினேழு மூடி வீணாப்போயி பதினெட்டாவதுதான் சரியா வந்துச்சு" என்றவன், குரலில் பெருமை ஏறிவிட்டதைக் கவனித்து நாக்கைக் கடித்துக்கொண்டான். "அது மட்டுமில்லை. ஒரு வெளக்குக் கண்ணாடி இல்லை."

"எனக்கும் ஒரு கண்ணுல பொறைதான். அதுக்காக என்னையத் தள்ளியா வச்சுட்டாங்க?"

"நேரா ஓடாதுண்ணே. எடது பக்கமா இழுக்கும்."

"மேசையில விட்டுப் பாத்தேன். இழுக்கத்தான் செய்யுது. என் ஜீப்பும் இழுக்குது. கன்னையன் ஓட்டலையா?"

இது என்ன கூத்து என்று சோலையம்மாள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். விற்க வந்தவன் குறை சொல்கிறான், வாங்குகிறவர் பரிந்து பேசுகிறார். அந்த ஸ்டோர் கட்டிய நாளிலிருந்து அங்கே இப்படி ஒரு பேரம் நடந்ததில்லை.

ராஜாராமிடம் மிச்சம் ஒரு குறைதான் இருந்தது. "கூரையில ஒரு கீறல் இருக்குண்ணே."

"நான் பாக்கலையே."

"சும்மா பாத்தாத் தெரியாது. பின்கண்ணாடி ஆரம்பிக்குற எடத்துல, நகக்கீறல் மாதிரி, மயிரிழைதான். காலையில எட்டு மணி வெயில் சாய்வா விழுகணும். அப்பவும் வடக்குப் பாத்து வச்சாத்தான் தெரியும். ஒம்பது மணிக்கெல்லாம் மறைஞ்சு போகும். நான் அதைப் பாக்குறதுக்குன்னே..."

அதற்கு மேல் அவனால் முடியவில்லை.  குறை சொல்ல வந்தவன் தன் பிள்ளையின் மச்சத்தைச் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான். சோலைமலை இப்போது காரைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தார்.

 அனல் குழாயில் விறகு வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"ராஜாராமு, இருவது வருசமா உன் காயை வாங்குறேன். ஒரு மூடைக்காவது இத்தனை கொறை சொல்லியிருக்கியா?"

"இல்லைண்ணே."

"இருந்திருக்குமில்ல?"

"இருந்திருக்கும்ணே."

சோலைமலை சிரித்தார். அவர் சிரித்து அவன் அதிகம் பார்த்ததில்லை. பிறகு காரை உள்ளங்கையில் வைத்து, பெருவிரலால் கூரையை முன்னிருந்து பின்னால் வரைக்கும் ஒரு தடவை மெல்லத் தடவினார். ராஜாராம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளங்கைகளைப் படிப்பதுதான் அவன் பிழைப்பு. வேண்டாதவனின் விரல் எப்படி இருக்கும், வேண்டுமென்பதை மறைக்கிறவனின் விரல் எப்படி இருக்கும் என்பது அவனுக்கு மனப்பாடம். அந்தப் பெருவிரலுக்கு லான்சியா வேண்டியிருந்தது.

"புடிக்கலை" என்றார் சோலைமலை. "இந்தா."

திருப்பிய கை அவன் கையின் மேல் கவிழ்ந்தது. கார் சூடாக இருந்தது. கொடுத்துவிட்டு வந்திருக்கலாம், வேறு ஒருவனாக இருந்தால் நீங்களே வச்சுக்கங்கண்ணே என்று சொல்லியிருப்பான். ராஜாராமுக்கு அந்த வார்த்தை வரவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பல மடங்கு சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பினான். கீழே இறங்குகிற பஸ்சிலும் குடல் புரட்டத்தான் செய்தது. ஒரு கையால் ஜன்னல் கம்பியையும் ஒரு கையால் சட்டைப் பையையும் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினான்.

பஸ்சுக்கு முன்னாலேயே சேதி போடிக்கு இறங்கிவிட்டது. கன்னையன் சொன்னானா, சோலையம்மாள் சொன்னாளா, தெரியாது. கை திருப்பியது மட்டும்தான் சேதியில் இருந்தது, எந்தச் சரக்கு என்பது வழியிலேயே உதிர்ந்துவிட்டது. புதன்கிழமை ஏலக்கூடத்துக்குள் ராஜாராம் நுழைந்தபோது பேச்சு ஒரு கணம் நின்று மறுபடி தொடங்கியது. கூடம் நிறைய வியாபாரிகள். வரிசையாகத் தட்டுகளில் காய். அவன் தட்டின் முன்னால் வந்தவர்கள் வழக்கமாக ஒரு காயைக் கடிப்பவர்கள், அன்றைக்கு மூன்று கடித்தார்கள்.

"என்ன ராஜாராமு, சோலைமலை அண்ணன் கை திருப்பிட்டாராமே?" என்றான் அமாவாசை. அவனும் கமிஷன் வியாபாரிதான். இதைக் கேட்பதற்காகவே தேவாரத்திலிருந்து முதல் பஸ்சில் வந்திருப்பான் போல இருந்தது.

"ஆமா, திருப்பிட்டாரு" என்றான் ராஜாராம்.

"அப்பிடி என்ன சரக்கு?"

"பழைய சரக்கு."

மூக்கு உடைபட்டவன் முகம் அத்தனை தெளிவாக இருக்காது. அமாவாசைக்கு ஏமாற்றமாகப் போயிற்று. ஆனால் சேதி தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. ராஜாராமின் தட்டு ஏலத்துக்கு வந்தபோது கேட்கிறவர்கள் இழுத்து இழுத்துக் கேட்டார்கள். மலையில் இவனை நம்பிக் காய் கொடுத்தவர்களின் முகம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. காரைத் திருப்பி வாங்கியபோது இந்த முகங்களை யோசிக்கவே இல்லையே என்று முதல் தடவையாக அவனுக்கு உறுத்தியது.

அப்போது சோலைமலை உள்ளே வந்தார். அமாவாசை விடுவானா? ஊரே கேட்கிற மாதிரி கேட்டான். "அண்ணே, ராஜாராமு சரக்குல என்னண்ணே கொறை?"

கூடம் அடங்கிவிட்டது. அது பொம்மைக் கார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ராஜாராமின் வியாபாரப் பெயர் தப்பிவிடும், ஆனால் அவன் பிழைப்பு தேனி வரைக்கும் சிரிப்பாய்ச் சிரித்துவிடும். சோலைமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரக்குல ஒரு கொறையும் இல்லை" என்றார். "எனக்குத்தான் கொடுப்பினை இல்லை."

கை திருப்பிய சரக்கைப் பற்றி அப்படி ஒரு பேச்சை அந்தக் கூடம் கேட்டதில்லை. அமாவாசை தலையைச் சொறிந்தான். சோலைமலை ராஜாராமின் தட்டுக்கு வந்து, ஒரு காயைக்கூடக் கடிக்காமல் ஏலம் கேட்டார். அதைப் பார்த்து இரண்டு பேர் முந்திக்கொண்டார்கள். பத்து நிமிஷத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. ராஜாராமுக்குத்தான் பழையபடி ஆகவில்லை. ஒரு பெரிய மனிதர் ஊர் முன்னால் தன்னைக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார், யாருக்காக, எதற்காக என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

ஏலம் முடிந்ததும் போய் எதிரில் நின்றான். "அண்ணே, மத்தியானம் வீட்டுல சாப்பிட்டுப் போகணும்" என்றான்.

"எதுக்குப்பா, போன தடவை சாப்பிட்டதுக்கே..." என்று இழுத்தார் அவர்.

"வந்துதாண்ணே ஆகணும்."

ஜக்கம்மாள் திடுதிப்பென்று வந்த விருந்தாளிக்கு என்ன செய்ய முடியுமோ செய்தாள். சாப்பிட்டு முடிந்ததும் ராஜாராம் அவரை உள் அறைக்கே கூட்டிக்கொண்டு போய் நாற்காலி போட்டு உட்கார வைத்தான். அலமாரியின் இரண்டு கதவையும் திறந்து விட்டான். இருபத்து மூன்றும் வரிசையாக நின்றன. சோலைமலை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தொட மாட்டேன் என்று அவர் சொல்லாமல் சொன்னது ராஜாராமுக்குப் பொறுக்கவில்லை.

சமையலறை நிலைப்படியில் ஜக்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அவளை ஒரு தடவை பார்த்துக்கொண்டான். பிறகு, இருபது வருஷ வியாபாரத்தில் யாரிடமும் சொல்லாததை, அப்பா காலத்தில் ஒருவர் சொல்லித் தொழிலையே விட்டுப் போனதை, சொன்னான்.

"அண்ணே, ஒண்ணொண்ணா உங்க கையில வச்சுத் தர்றேன். எம்புட்டு நேரம் வேணும்னாலும் பாருங்க. பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துரணும். அதுக இல்லாம என்னால இருக்க முடியலைண்ணே."

சொல்லி முடித்ததும் அவனுக்குக் காது இரண்டும் சுட்டது. சோலைமலை சட்டைப் பொத்தானை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தார். ராஜாராம் விளங்காமல் நின்றான். காக்கிச் சட்டையை உருவி, மடித்து, எட்டிச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். வெறும் பனியனோடு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நீட்டினார்.

"பையே கெடையாது. இப்பக் கொண்டா" என்றார். "மொதல்ல லான்சியா."